இரண்டு கை அரிசி

போன செவ்வாய்க்கிழமை மகளின் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை ஒவ்வொரு குழந்தையும் வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி அரிசி கொண்டுவர வேண்டும். இல்லாதவர்களோடு பகிர்ந்துகொள்வதைப் பழக்குகிறார்களாம். அவ்வளவுதான் விஷயம். வேறு யாராவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை காலை ஒரு கவரில் அள்ளிப் போட்டு அனுப்பியிருப்பார்கள். எனக்கு மூன்று நாள் தூக்கம் போயிற்று.

கைப்பிடி என்றால் யாருடைய கை? அவளுடையதா, என்னுடையதா? பச்சரிசியா, புழுங்கலா? குறைவாக அனுப்பினால் அந்தக் குழந்தையின் அம்மா கஞ்சம் என்பார்கள். அதிகமாக அனுப்பினால் காட்டிக்கொள்கிறாள் என்பார்கள். அம்மாக்கள் குழுவில் கேட்டுப் பார்த்தேன். என்னைப் போல இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள் என்பது ஆறுதல். "பாஸ்மதி ஓகேவா?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள். என் கணவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "அரிசிதானே கேட்டாங்க, கிட்னியா கேட்டாங்க?" என்றார்.

வியாழக்கிழமை மாலை மகளை அரிசி டின் முன்னால் உட்கார வைத்தேன். ஐந்து வயதுக் கை. அள்ளும்போது நிறைந்து, கவருக்கு வரும்போது பாதியாகிவிடுகிற கை. தரையெல்லாம் அரிசி. ஒருவழியாக ஒரு கை உள்ளே விழுந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இன்னொரு கை போடட்டாம்மா?" என்று மறுபடியும் டின்னுக்குள் கையை விட்டாள்.

"வேண்டாம்! ஒரு கை போதும்!"

கத்தியது நான்தான். குழந்தையின் உதடு பிதுங்கியது. கணவர் எழுந்தே வந்துவிட்டார். "என்ன ஆச்சு உனக்கு? ஒரு கை அரிசிக்கா இப்படிக் கத்தற?"

அவரிடம் சொல்ல முடியவில்லை. சொன்னால், பதினொரு வயதில் நடந்ததற்கு இப்போது என்ன என்பார். அவர் சொல்வதும் சரிதான். உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

அரிசிக்கு வண்டு வராமலிருக்க நான் டின்னில் வேப்பிலை போட்டு வைப்பேன். குழந்தை கையை விட்டுக் கிளறியதும் அந்த வாசனை எழுந்தது. காய்ந்த வேப்பிலையும் அரிசித் தவிடும் கலந்த ஒரு மங்கலான வாசனை. எனக்கு அது எப்போதுமே சிட்லபாக்கத்தில் எங்கள் மாடிப் போர்ஷனின் வாசனை. சரியாகச் சொன்னால் அந்த வாசனையில் பாதி. மீதிப் பாதி என்ன என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. எங்கள் சபையின் கமிட்டியிலும் இருந்தார். மாடியை வாடகைக்கு விடுவதென்றால் 'விசுவாசிகளுக்கு மட்டும்' என்பது அவர் கொள்கை. போதகர் ஒருநாள் அப்பாவைக் கூப்பிட்டு, ஒரு மிஷனரி குடும்பம் வருகிறது, மாடியைக் கொடுங்கள் என்றார். அப்பா வெள்ளைக்காரர்களை எதிர்பார்த்து மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தார். அம்மா குளியலறைக் குழாயைக்கூட மாற்றச் சொன்னாள்.

வந்தவர்கள் மிசோரமிலிருந்து வந்தார்கள். ஒரு இளம் தம்பதி, ஆறு மாதக் கைக்குழந்தை, இரண்டு தகரப் பெட்டிகள், ஒரு கிட்டார், ஒரு நீல நிற டின்.

தெருவுக்குப் பெரிய குழப்பம். முக்குக் கடைக்காரர், "சைனாவா சார், நேப்பாளா?" என்று அப்பாவிடம் கேட்டார். "இந்தியாதான்யா" என்று அப்பா கோபமாகச் சொன்னார். ஆனால் அவருக்கே வீட்டுக்கு வந்து அட்லஸை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. சபைக்கு வேறு விதமான குழப்பம். எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வடக்கே மிஷனரிகளை அனுப்புகிறவர்கள். அதற்கென்று தனிக் காணிக்கை உண்டு, தனி ஜெபம் உண்டு. அப்படிப்பட்ட எங்களிடம் ஒரு மிஷனரி வருவதா? பெண்கள் சங்கத்தின் செயலாளர் எஸ்தர் ஆன்ட்டி எங்கள் வாசலில் நின்று அம்மாவிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "நம்மள மனந்திருப்பவா வந்திருக்காங்க? நாமதான் ஏற்கெனவே திரும்பிட்டோமே!"

அவர்கள் எங்களுக்காக வரவில்லை. அவர் பெயர் லால்தங்கா. தெருவில் எல்லாருக்கும் 'தங்கம் சார்'. காலையில் கிழக்குத் தாம்பரம் போய், அங்கிருந்து பஸ் மாறி மாறி நாவலூர்ப் பக்கம் போவார். பழைய மகாபலிபுரம் சாலை நெடுக அப்போதுதான் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் தகரக் கொட்டகைகளில் குடும்பத்தோடு இருந்தார்கள். அந்தக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார், காய்ச்சல்காரர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார், உட்கார்ந்து ஜெபிப்பார். சாயங்காலம் சிமென்ட் தூசியோடு திரும்பி வருவார். அவர் மனைவி ரினி ஆன்ட்டி நாள் முழுவதும் எங்கள் மாடியில் குழந்தையோடு தனியாக இருப்பாள். மிஷனரி வாழ்க்கையில் பாதி அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஆன்ட்டி என்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவளுக்கு அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். இன்றைய என்னைவிடச் சின்னவள்.

குழந்தை கிமியை முதுகில் ஒரு கோடு போட்ட துணியால் கட்டிக்கொண்டுதான் எல்லா வேலையும் செய்வாள். எங்கள் தெருப் பெண்கள் ஒருவர் விடாமல் அறிவுரை சொன்னார்கள். "கால் வளைஞ்சிடும்மா." "மூச்சு முட்டும்மா." அவளுக்கு அறிவுரை புரியாது. எல்லாருக்கும் தலையாட்டிச் சிரிப்பாள். என் மகள் பிறந்தபோது அதே அறிவுரைகள் எனக்கும் வந்தன. எனக்குப் புரிந்து தொலைத்தது. அதனால்தான் நான் இப்படி ஆனேனோ என்னவோ.

வெயில்தான் அவளை வதைத்தது. கரண்ட் போனால் ஒரு வாளித் தண்ணீரில் கால் இரண்டையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்று, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தெரியும் பச்சைமலையைப் பார்ப்பாள். முதல் நாள் அதைக் காட்டி, "மலை" என்று நான் சொல்லிக் கொடுத்தபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "இது மலையா? இது மலையோட பாப்பா!" ஆனால் தினமும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. அப்பா என்னைக் கேட்காமலே ஒப்புக்கொண்டுவிட்டார். சொன்ன பேச்சைக் கேட்கும் பெண் நான். பள்ளி விட்டு வந்ததும் அரை மணி நேரம் மாடிப்படியில் பாடம். பால் இல்லாத டீயும் கடித்துக்கொள்ள ஒரு துண்டு வெல்லமும் கிடைக்கும். எழுத்து வேண்டாம், பேச்சு முதலில் என்று தங்கம் சார் சொல்லியிருந்தார். "தங்கச்சி, இன்னைக்கு நாலு வார்த்தை படிச்சேன். நேத்து படிச்சது மூணு ஓடிப்போச்சு" என்பாள். என் பெயர் அவளுக்கு வாயில் நுழையவில்லை. கடைசிவரை தங்கச்சிதான்.

அந்த வாசனையின் மீதிப் பாதிக்கு வருகிறேன். அவர்கள் ஊரில் சோயாவை அவித்துப் புளிக்க வைத்து ஒரு பண்டம் செய்வார்கள். வாரம் ஒருமுறை அது வேகும்போது தெருவே நின்று மூக்கைப் பிடிக்கும். கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலை அக்கா மட்டும்தான் அதை நேராக ஆன்ட்டியிடமே கேட்டது. "இன்னாம்மா ஆக்கிகினு கீற? எலி கிலி செத்துகீதா வூட்டுல?" ஆன்ட்டி ஒன்றும் புரியாமல் உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். அஞ்சலை அக்கா முகர்ந்தது, ஒரு விரல் எடுத்து நக்கியது. "அட, நம்ம கருவாட்டுக் கொழம்புக்கு அக்கா தங்கச்சி மாரி கீது" என்று கூடையை இறக்கி உட்கார்ந்துவிட்டது. அந்தத் தெருவில் ரினி ஆன்ட்டி கொடுத்ததை வாங்கித் தின்ற முதல் ஆள் அதுதான்.

இப்போது அரிசி.

ஆன்ட்டி சோற்றுக்கு அரிசி அளந்ததும் ஒரு நிமிடம் கண்ணை மூடுவாள். பிறகு அளந்ததிலிருந்து ஒரு கை அள்ளி அந்த நீல டின்னில் போடுவாள். காலையில் ஒரு கை, மாலையில் ஒரு கை. ஒருநாள்கூடத் தவறாது. டின்னுக்குள் வேப்பிலை போடச் சொல்லிக் கொடுத்தவள் என் அம்மா.

"எதுக்கு ஆன்ட்டி திருப்பி எடுக்கறீங்க?" என்று கேட்டேன்.

பாதித் தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் சொன்னாள். அவர்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். அம்மாக்கள் உலை வைக்கும்போது கடவுளுக்கென்று ஒரு கை எடுத்து வைப்பார்கள். வாரக் கடைசியில் சபைப் பெண்கள் வீடு வீடாக வந்து வாங்கிப்போவார்கள். எல்லாவற்றையும் சேர்த்து விற்று, அதில்தான் மிஷனரிகளை வெளியே அனுப்புவார்கள்.

"நான் வந்த ட்ரெயின், அந்த அரிசி. கிமிக்கு மருந்து, அந்த அரிசி" என்றாள். "ஏழை வீடு, பெரிய வீடு, எல்லாம் ஒரே கை. ஒரு கை எல்லாருக்கும் இருக்கு இல்ல?"

எனக்கு நன்றாகப் புரிந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். சின்னப் பெண், புரியவில்லை என்று பிறகு சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

எங்கள் தெருவில் அரிசி வாங்க யாரும் வரவில்லை. ஆன்ட்டி சில வாரம் காத்திருந்தாள். பிறகு ஒரு ஞாயிறு அந்த அரிசியை ஒரு வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி ஆராதனைக்குக் கொண்டுவந்தாள். காணிக்கை எடுக்கும்போது எங்கள் சபையில் கழி மாட்டிய வெல்வெட் பை வரும். அதில் கவரைப் போடுவோம். ஆன்ட்டி முன் பெஞ்சில் எழுந்து நின்று, பைக்குள் நுழையாத மூட்டையை இரண்டு கையாலும் நீட்டினாள். பை பிடித்தவர் அதை வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் போதகரைப் பார்த்தார். பின்னால் என் ஞாயிறு பள்ளித் தோழிகள் களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். எனக்குக் காது சூடாகிவிட்டது.

ஆராதனை முடிந்ததும் எஸ்தர் ஆன்ட்டி என்னை நிறுத்தினார்கள். தோழிகள் சுற்றி நின்றார்கள்.

"என்னடி அது மூட்டை? உங்க மாடி வீட்டுக்காரி என்ன கொண்டாந்து குடுக்கறா?"

"ரேஷன் அரிசி ஆன்ட்டி!" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

சொல்லியிருக்கலாம். நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் நானும் அந்த மூட்டையைச் சேர்ந்த ஆள் ஆகிவிடுவேன் என்று தோன்றியது.

"அவங்ககிட்ட காசு இல்ல ஆன்ட்டி. அதான் அரிசி" என்றேன்.

எஸ்தர் ஆன்ட்டியின் முகம் மாறியது. நாக்குத்தான் கூர்மை. மனசு உடனே இளகிவிடும் அவர்களுக்கு. "ஐயோ பாவமே" என்றார்கள். அன்றே அப்பாவிடமும் கேட்டார்கள். "வாடகை ஒழுங்காத் தர்றாங்களே" என்றார் அப்பா. "வாயைக் கட்டி வயித்தைக் கட்டித் தர்றாங்க அண்ணா. உங்க பொண்ணே சொல்லுச்சே!" நான் நல்ல பெண் என்று பெயர் எடுத்தவள். அதனால் யாரும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை பெண்கள் சங்கத்தார் ஆறு பேர் எங்கள் மாடி ஏறினார்கள். பத்துக் கிலோ அரிசி மூட்டை ஒன்று, ஒரு புடவை, குழந்தைக்குப் பழைய ஸ்வெட்டர். சென்னையில் ஸ்வெட்டர். கேமராவோடு ஒருவர். அந்த வருடத்தின் ஏழைகள் பட்டியலில் ஆன்ட்டியின் பெயர் சேர்ந்திருந்தது.

ஆன்ட்டி மூட்டையைப் பார்த்தாள். ஆறு பெண்களையும் பார்த்தாள். பிறகு ஓவென்று அழுதுவிட்டாள். எஸ்தர் ஆன்ட்டியைக் கட்டிக்கொண்டு, "கா லோம் ஏ, கா லோம் ஏ" என்று தன் மொழியில் நன்றி சொன்னாள். என் பக்கம் திரும்பினாள். "தங்கச்சி! இங்கயும் அம்மாங்க ஒரு கை எடுக்கறாங்க! நீ ஏன் சொல்லல?"

அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். இந்தச் சபையிலும் வீடு வீடாக அரிசி எடுத்து வைக்கிறார்கள், மிஷனரிக்காகச் சேர்க்கிறார்கள், இத்தனை நாள் தன்னைத் தெரியாமல் இருந்து இப்போது தெரிந்துகொண்டார்கள் என்று. வந்த எட்டு மாதத்தில் அவள் முகம் அப்படி விரிந்து நான் பார்த்ததில்லை. அவர்கள் முன்னாலேயே மூட்டையைப் பிரித்தாள். கண்ணை மூடினாள். ஒரு கை அள்ளி நீல டின்னில் போட்டாள்.

படி இறங்கும்போது எஸ்தர் ஆன்ட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டார்கள். "பாத்தீங்களா, குடுத்த உடனே நாளைக்குன்னு எடுத்து வைக்கறா. எவ்வளவு பட்டினி கிடந்திருந்தா இப்படி வரும்!"

எல்லாரும் அழுதார்கள். அத்தனையும் நிஜமான கண்ணீர்தான். ஒருவருக்கும் மற்றவர் எதற்கு அழுகிறார் என்று தெரியாது. தெரிந்த ஒரே ஆளான நான் படியின் நடுவில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தேன்.

ஜனவரி சபை மடலில் அந்தப் படம் வந்தது. ஆன்ட்டி அதை எடுத்துக்கொண்டு படிக்கு ஓடி வந்தாள். கீழே என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல் என்றாள். 'வறுமையில் வாடும் குடும்பத்துக்குப் பெண்கள் சங்கத்தார் அரிசி வழங்கி உதவினர்' என்று இருந்தது.

நான் படித்தேன். "மலைநாட்டிலிருந்து வந்த மிஷனரி குடும்பத்துக்கு, பெண்கள் சங்கத்தார் அன்போடு அரிசி கொடுத்தார்கள்."

"மிஷனரி எது? காட்டு."

'வறுமையில்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தேன். அவள் தன் நோட்டுப் புத்தகத்தில் அதைப் பார்த்துப் பார்த்து ஐந்து முறை வரைந்தாள். அவள் எழுதிய முதல் தமிழ்ச் சொல் அது. படத்தை வெட்டி ஊருக்குத் தபாலில் அனுப்பினாள்.

நீங்கள் ஊகித்திருப்பீர்கள். நான் ஊகிக்கவில்லை. அந்த மலையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்தப் பக்கம் வந்து நர்சிங் படித்துவிட்டுப் போன ஒரு பெண் அங்கே இருந்தாள். சபையில் எல்லார் முன்னாலும் அவளை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஏப்ரல் கடைசியில் கடிதம் வந்தது. அக்கினி நட்சத்திரம் தொடங்கவில்லை, ஆனால் மாடிப்படி அதற்குள் கொதித்தது. ஆன்ட்டி கிமியை முதுகில் கட்டிக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கடிதம், மடலின் இன்னொரு பிரதி, அந்த நோட்டு.

"தங்கச்சி, மறுபடியும் படி."

இந்த முறை எழுதியிருந்ததைப் படித்தேன். 'வறுமையில் வாடும்' என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். நோட்டில் வரைந்திருந்த ஐந்து சொற்களையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். அவள் திட்டவில்லை. திட்டும் அளவுக்கு அவளிடம் தமிழும் இல்லை, தெம்பும் இல்லை. கடிதத்தில் இருந்ததை மெதுவாகச் சொன்னாள்.

அவர்கள் ஊரில் அந்த வருடம் மூங்கில் பூத்துவிட்டது. ஏறக்குறைய ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை பூக்குமாம். பூத்துக் காய்த்தால் எலி பெருகும். எலி பெருகினால் மலைச்சரிவில் நெல் மிஞ்சாது. நெல் இல்லாத அந்த வருடத்தில், தாங்கள் அனுப்பிய பெண் ஊர்பேர் தெரியாத இடத்தில் கையேந்திச் சாப்பிடுகிறாள் என்று அந்த அம்மாக்கள் கேட்டிருக்கிறார்கள். தாங்கள் வைத்த அரிசி போதவில்லை என்று நினைத்துவிட்டார்கள். அவள் பிறந்த தெருவில் எல்லா வீட்டிலும் ஒவ்வொரு வேளையும் இப்போது இரண்டு கை எடுத்து வைக்கிறார்கள்.

"ரெண்டு கை" என்று ஆன்ட்டி தன் இரண்டு உள்ளங்கையையும் குவித்துக் காட்டினாள். "எங்க அம்மா எழுதறாங்க, 'சாப்பிடு, பயப்படாதே.' வீட்ல அவங்க கிழங்கு சாப்பிடறாங்க, தங்கச்சி."

கிமி அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

தான் பட்டினி கிடக்கவில்லை, ஒரு கை போதும் என்று எங்கள் சபையிலிருந்து ஒரு கடிதம் போனால் அங்கே நம்புவார்கள் என்றாள். எஸ்தர் ஆன்ட்டியிடம் போய்ச் சொல்ல வேண்டும். தன் தமிழ் போதாது. "நாளைக்கு நீ வா. நீ சொல்லு. போதும்."

மறுநாள் எனக்கு வயிற்று வலி வந்தது. பொய் என்றும் சொல்ல முடியாது. உண்மையாகவே வலித்தது. ஆனால் எழுந்து நடக்க முடியாத அளவுக்கு இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எஸ்தர் ஆன்ட்டி கொடுத்த புடவையைத் தாறுமாறாகக் கட்டிக்கொண்டு, குழந்தையை முதுகில் சுமந்து, ஏரிக்கரைப் பக்கம் தனியாக நடந்து போனாள். தங்கம் சாரையும் கூட்டிப் போகவில்லை. அவருக்குத் தமிழ் அவளைவிடக் குறைவு. அவர் அன்றும் நாவலூர் கொட்டகையில் இருந்திருப்பார்.

இரண்டு நாள் கழித்து எஸ்தர் ஆன்ட்டி வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னார்கள். "அந்தப் பொண்ணு வந்துச்சு. பாவம், அரிசி அரிசின்னு கையைக் குவிச்சுக் குவிச்சுக் காட்டி அழுவுது. ரெண்டு கை, ரெண்டு கைங்குது. போன மூட்டை தீர்ந்துடுச்சு போல. எனக்குப் பொறுக்கல. இன்னொரு மூட்டை ஏற்பாடு பண்ணிட்டேன்."

இரண்டாவது மூட்டை வந்தது. ஆன்ட்டி அதைப் பிரிக்கவில்லை.

ஜூனில் அவர்கள் கிளம்பினார்கள். திரும்ப அழைத்துக்கொண்டார்களா, அவர்களே கேட்டுப் போனார்களா, தெரியவில்லை. பஞ்ச வருடம், ஊரில் ஆள் வேண்டும் என்று அப்பாவிடம் தங்கம் சார் சொன்னாராம். அது முழுக் காரணமாகவும் இருக்கலாம். அப்படி இருக்கக்கூடும் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் நான் கல்லூரி வரைக்கும் ஓட்டினேன்.

கிளம்பும் அன்று அஞ்சலை அக்கா ஒரு பொட்டலம் கருவாடு கொண்டுவந்து கொடுத்தது. "ரயில்ல தொறக்காத கண்ணு, எறக்கி வுட்ருவானுங்க" என்றது. ஆன்ட்டி சிரித்தாள். நீல டின்னை அம்மாவின் கையில் கொடுத்தாள். உள்ளே கழுத்துவரை அரிசி. "ஞாயிறு, சபைக்கு" என்றாள். என்னைப் பார்த்து, "தங்கச்சி எடுத்துட்டு வரும்" என்றாள். அது மன்னிப்பா, நம்பிக்கையா, அல்லது தெரிந்த தமிழில் எளிதான வாக்கியமா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

அந்த ஞாயிறு நான் எடுத்துப் போகவில்லை. அடுத்த ஞாயிறும். பை பிடிப்பவர் முன்னால் மூட்டையோடு எழுந்து நிற்பதை நினைத்தாலே காது சூடாகும். மழைக்காலம் வந்தது. வேப்பிலை போட்டும் வண்டு வந்தது. அம்மா அதைப் புடைத்துச் சமைத்துவிட்டாள். நானும்தான் சாப்பிட்டேன்.

பல வருடம் கழித்து, என் திருமணத்துக்கு முன்னால், ஒருநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா காய் நறுக்குவதை நிறுத்தினாள். "பிடியரிசியா அது? சங்கத்துல குடுத்த அரிசியத்தான் திருப்பிக் குடுத்துட்டுப் போறான்னு இருந்தேன். எங்க ஊர்ச் சபைல இருந்ததுதான்டி அது. ஒவ்வொரு வீட்லயும் அதுக்குன்னு ஒரு கலயம் இருக்கும். எஸ்தருக்கும் தெரியுமே! மெட்ராஸ் வந்தப்புறம் எல்லாரும் கவருக்கு மாறிட்டோம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே புரிஞ்சிருக்குமே. ஏன்டி சொல்லல?"

ஏன் சொல்லவில்லை என்பதுதான் கேள்வி. பதில் ரொம்பச் சின்னது. நாலு பெண்கள் சிரித்தார்கள்.

இப்போது நான் இருப்பது நாவலூரில், பதினான்காவது மாடியில். இந்தக் கட்டடமும் அந்த வருடங்களில் எழும்பியதுதான். தங்கம் சார் பாடம் நடத்திய தகரக் கொட்டகை எங்கள் நீச்சல் குளத்துக்கு அடியில்கூட இருக்கலாம். சிட்லபாக்கம் வீட்டை அப்பா பில்டருக்குக் கொடுத்துவிட்டார். அந்த மாடிப்படி இருந்த இடத்தில் கார் நிற்கிறது. நீல டின் வீடு மாற்றும்போது பழைய இரும்போடு போயிற்று. சபை மடல் நின்றுவிட்டது. எல்லாம் வாட்ஸ்அப்தான். எஸ்தர் ஆன்ட்டி மகனோடு கனடா போய் அங்கேயே இறந்துபோனார்கள். அஞ்சலை அக்காவின் கூடைக்குப் பதிலாகச் செயலியில் மீன் வருகிறது. வேளச்சேரிப் பக்கம் போனால் வடகிழக்குப் பிள்ளைகள் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். யாரும் நின்று பார்ப்பதில்லை. அவர்களில் கிமி வயதுப் பெண்ணைப் பார்த்தால் மட்டும் எனக்கு ஒரு நொடி கால் நின்றுவிடும்.

ரினி ஆன்ட்டியை இணையத்தில் தேடலாம். தேடுகிற பெட்டியில் பெயரை அடித்து அழித்திருக்கிறேன். கண்டுபிடித்துவிட்டால் என்ன எழுதுவது? மன்னிப்பு கேட்கலாம். ஆனால் அவளிடம் நான் மன்னிப்பு மட்டும் கேட்க வேண்டியதில்லை, ஒரு விஷயம் விசாரிக்கவும் வேண்டும். எலி வந்த அந்த வருடம், கிழங்கைத் தின்றுகொண்டு வேளைக்கு இரண்டு கை எடுத்து வைத்த அந்த அம்மாக்களிடம், ஒரு கை போதும் என்று கடைசியில் யாராவது சொன்னார்களா? எத்தனை நாள் கழித்து?

நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது. இருபது வருடம் கழித்து, வேறு ஒரு டின்னின் முன்னால், அதை என் ஐந்து வயது மகளிடம் கத்தியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளி வாசலில் அவள் என் துப்பட்டாவை இழுத்தாள். கவரைத் தூக்கிக் காட்டி, "மிஸ் ஏன் கம்மியா இருக்குன்னு கேட்டா என்னம்மா சொல்லணும்?" என்றாள். என் மகள்தான், சந்தேகமில்லை.

வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. மற்ற அம்மாக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து உட்கார்ந்து, எத்தனை நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.